ஸ்லின்ட்: நாலு தலை, எட்டுக் கால்

2024 ஜூன் 8
(ஒரு வாசகரின் கேள்வி)

ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி போன மாதம் இறந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் ஸ்லின்ட் என்ற பழைய அமெரிக்க ராக் பேண்டின் பேச்சாக இருக்கிறது. அவர் பதிவு செய்த ஸ்பைடர்லேண்ட் தொண்ணூறுகளின் பெரிய ஆல்பம் என்கிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். பாடவே இல்லை, முணுமுணுக்கிறார்கள். மொத்தமே ஆறு பாட்டு. அதற்கப்புறம் பேண்டே இல்லை. நாலு வருஷம் ஓடிய பேண்டுக்கு ஏன் இத்தனை கொண்டாட்டம்? இங்கே யாராவது நிஜமாகவே கேட்கிறீர்களா, இல்லை பேருக்குச் சொல்கிறீர்களா?

ஜூன் 9, காலை 7.10

கேட்கிறேன். பதினைந்து வருஷமாக, தக்கலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஸ்பைடர்லேண்டைப் பதிவு செய்தவர் ஆல்பினி இல்லை, பிரையன் பால்சன். 1990 ஆகஸ்ட், சிகாகோ, நாலே நாள். ஆல்பினி பதிவு செய்தது அதற்கு முந்தைய ஆல்பமான ட்வீஸ். 1987இல் பதிவானது, 1989இல்தான் வெளியே வந்தது. ஸ்பைடர்லேண்ட் வந்தபோது 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் மதிப்புரை எழுதிப் பத்து நட்சத்திரம் போட்டவர் ஆல்பினி. அதனால்தான் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன.

மீதியை இரவு எழுதுகிறேன். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 9, இரவு 9.40

2009இல் நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். எங்கள் டிரம்மரின் சித்தப்பா மகன் திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து ஒரு பென்டிரைவ் வந்தது. மெட்டாலிக்கா, மலையாள சினிமாப் பாட்டு, யாரோ ஒருவருடைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட், இவற்றுக்கு நடுவே பெயர் போடாத ஒரு ஃபோல்டர். உள்ளே ஆறு பாட்டு, ஒரு படம். அதுதான் ஸ்பைடர்லேண்டும் அதன் அட்டைப்படமும்.

படம் கருப்பு வெள்ளை. தண்ணீருக்குள் நாலு பையன்கள், தலை மட்டும் வெளியே. பின்னால் பாறை. பார்த்ததும் "மக்கா, இது நம்ம குவாரி லே" என்று கத்தினேன்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாறையை உடைத்து உடைத்து ஆழம் போன பிறகு கைவிட்ட குழிகள் கல்குளம், விளவங்கோடு பக்கம் நிறைய உண்டு. ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் நிரம்பியே கிடக்கும். மேல் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும், இடுப்புக்குக் கீழே சட்டென்று ஐஸ் மாதிரி. குளத்துக்குப் படி இருக்கும், ஆற்றுக்குச் சரிவு இருக்கும். குவாரிக்கு எதுவும் கிடையாது, உடைத்த பாறை நட்டுக்குத்தாக இறங்கும். கால் ஊன்ற இடமே இல்லை. அதனால்தான் எங்கள் வீடுகளில் குவாரி என்ற சொல்லைக் கேட்டாலே அடி விழும். நாங்களும் அதனால்தான் போனோம்.

அந்தப் படத்தில் நாலு பேரும் அசையாமல் மிதக்கிற மாதிரி இருக்கும். குவாரியில் இறங்கியவனுக்குத் தெரியும், மேலே முகம் சும்மா இருக்க வேண்டுமென்றால் கீழே கால் ஓயாமல் மிதிக்க வேண்டும். பாட்டைக் கேட்பதற்கு முன்பே அந்தப் படம் எனக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. நீங்கள் முணுமுணுப்பு என்று சொல்வது மேலே தெரிகிற முகம். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் காது கொடுங்கள், அங்கேதான் கால் மிதிக்கிறது.

லூயிவில் என்ற ஊர்ப் பையன்கள். கென்டக்கி மாநிலம், முகமது அலி பிறந்த ஊர். படம் அங்கே ஒரு குவாரியில் எடுத்தது. எடுத்தவர் வில் ஓல்டாம், பின்னால் பெரிய பாடகரானார். ஆல்பம் 1991இல் வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை, பேண்டு கலைந்தது.

ஜூன் 12

இரண்டு தவறு. நண்பர் ஒருவர் தனியாக எழுதிச் சுட்டினார், நன்றி.

ஒன்று, அந்தக் குவாரி லூயிவில்லில் இல்லை. ஒஹையோ ஆற்றைத் தாண்டி இந்தியானா மாநிலத்தில் யூட்டிகா என்ற இடம். ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு மாநிலம், அந்தக் கரை இன்னொரு மாநிலம். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் போய்க் குளிப்பது மாதிரிதான்.

இரண்டு, இது பெரிய தவறு. ஆல்பம் கவனிக்கப்படாததால் பேண்டு கலையவில்லை. ஆல்பம் வருவதற்கு முன்பே கலைந்துவிட்டது. பதிவு முடிந்த கொஞ்ச நாளில் பிரையன் மக்மேஹன் விலகினார், அதோடு சரி. 1991 மார்ச் 27 அன்று டச் அண்ட் கோ நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டபோது அதை மேடையில் வாசிக்க ஆளில்லை. ஆல்பம் தோற்றுப் பிரிந்தார்கள் என்றால் அது ஒரு கதை. தோற்குமா ஜெயிக்குமா என்று தெரிவதற்கு முன்பே பிரிந்தார்கள் என்றால் அது வேறே கதை. நான் இத்தனை வருஷம் முதல் கதையைத்தான் நம்பியிருந்தேன். ஏனென்றால் எங்கள் பேண்டு பிரிந்த கதை கிட்டத்தட்ட அது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 12, பிறகு

ஆட்களின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். பிரையன் மக்மேஹன், கிட்டார், குரல். டேவிட் பாஜோ, கிட்டார். பிரிட் வால்ஃபோர்டு, டிரம்ஸ். டாட் பிரஷியர், பேஸ். முதல் ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் ஈத்தன் பக்லர். ட்வீஸ் ஒலித்த விதம் பிடிக்காமல் விலகி 'கிங் காங்' என்று வேறொரு பேண்டு ஆரம்பித்தார்.

ஜூன் 16

'வாஷர்' ஸ்பைடர்லேண்டின் கடைசிப் பாட்டு இல்லையா என்று ஒருவர் கேட்க, இல்லை என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். உண்மைதான். எனக்கு இது தெரிந்ததே 2011இல்.

பென்டிரைவில் இருந்த ஆறு பாட்டுக்கும் எண் போடவில்லை. கம்ப்யூட்டர் அகரவரிசையில் அடுக்கும். பிரெட்கிரம்ப் ட்ரெயில், டான் அமான், ஃபார் டின்னர், குட் மார்னிங் கேப்டன், நோஸ்ஃபராட்டு மேன், வாஷர். ஆங்கில எழுத்து வரிசைப்படி அப்படித்தான் வரும். இரண்டு வருஷம் நாங்கள் நாலு பேரும் அந்த வரிசையில்தான் கேட்டோம். கேப்டன் பாட்டில் அவன் கத்தி முடித்ததும் நோஸ்ஃபராட்டு ஆரம்பிக்கும். கடைசியில் வாஷர், ஏறக்குறைய ஒன்பது நிமிஷம், விளக்கை அணைத்த மாதிரி முடியும். அதுதான் ஆல்பம் என்று மனசில் பதிந்துவிட்டது.

சரியான வரிசையில் வாஷர் நாலாவது. அடுத்து, குரலே இல்லாத ஃபார் டின்னர். கடைசியில் கேப்டன். அப்படிக் கேட்ட அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, என் வீட்டுக்குள் புகுந்து யாரோ கட்டிலை மாற்றிப் போட்டது மாதிரி. இப்போது சரியான வரிசைதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மழை பெய்கிற ராத்திரி என்றால் பழைய வரிசையில் போட்டுவிடுகிறேன்.

ஜூன் 23

எங்கள் பேண்டைப் பற்றிக் கேட்டவருக்கு. கொஞ்சம் நீளும்.

நாலு பேர். பெயர் கிடையாது, பெயர் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. 2009 ஜூலையில் ஆரம்பித்து அடுத்த வருஷம் படிப்பு முடியும்போது முடிந்தது. நானும் இன்னொருவனும் கிட்டார். பேஸ் வாசித்தவன் தூத்தூர் பக்கம், ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிற குடும்பம். டிரம்மர் வீடு குலசேகரம் போகும் வழியில், ரப்பர் தோட்டத்துக்குள். டிரம்ஸ் எங்கள் சர்ச்சுடையது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவோம், சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழு பயிற்சிக்கு முன்னால் திரும்ப வைத்துவிட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டார் தொட்ட பாதிப் பேர் சர்ச்சில்தான் தொட்டிருப்பார்கள். ஸ்லின்ட்டின் முதல் நிகழ்ச்சியும் ஒரு சர்ச்சில், ஞாயிறு ஆராதனைக்கு நடுவில்தான் நடந்தது. அதைப் படித்த அன்று உடனே மற்ற மூன்று பேருக்கும் மெசேஜ் போட்டேன்.

பயிற்சி, டிரம்மர் வீட்டில் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில். மூங்கில் கம்புகளில் ஷீட் தொங்கும். புதிதாக அடித்தது வெள்ளையாக, நாளாக ஆகப் பழுப்பாகி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தேன் நிறமாகத் தெரியும். ரப்பர்க்காடு தெரிந்தவர்களுக்கு அந்தப் புளித்த வாடை இப்போது மூக்கில் அடிக்கும். இரண்டு வரிசைக்கு நடுவில் டிரம்ஸ். தலைக்கு மேல், முதுகுக்குப் பின்னால், எல்லாப் பக்கமும் ஷீட்.

முதல் நாள் வாசித்தபோது நாங்கள் பயந்தே போனோம். சத்தமே திரும்பி வரவில்லை. ஸ்னேர் அடித்தால் 'டப்' என்று அதோடு செத்துவிடும். எதிரொலி என்பதே இல்லை. சர்ச்சில் எது வாசித்தாலும் கூரை வரை போய் இனித்துத் திரும்பி வரும், தப்பை மறைத்துவிடும். இங்கே மறைக்க ஒன்றுமில்லை. யார் அரைத் தட்டு பிந்தினாலும் அப்படியே வெளியே தெரியும். ஸ்பைடர்லேண்டில் டிரம்ஸ் எப்படிக் கேட்கும்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி, மினுக்கல் எதுவும் இல்லாமல். கொட்டகையில் எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒலி. தெரிந்து செய்ததில்லை, ரப்பர் செய்தது.

அந்த நாட்களில் ரப்பர் விலை ஏறிக்கொண்டே போனது. டிரம்மரின் அம்மச்சி கணக்கில் கெட்டிக்காரி, விலை கூடக் கூட ஷீட்டை உடனுக்குடன் விற்றுவிடுவார். கொட்டகை காலி. காலிக் கொட்டகையில் தகரக் கூரைக்குக் கீழே வாசித்தால் ஒரே இரைச்சல், பக்கத்து வீட்டு ஆள் ஓடி வந்தார். அதனால் மெதுவாக வாசித்துப் பழகினோம். கிட்டாரில் வால்யூமைக் கால்வாசி வைத்து, டிரம்மர் குச்சியை நடுவில் பிடித்து, ஒருவன் மூச்சு விடுவது இன்னொருவனுக்குக் கேட்கிற அளவுக்கு.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஸ்லின்ட் புரிந்தது. சத்தமாக வாசித்தால் நாலு பேரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். மெதுவாக வாசிக்க வேண்டுமென்றால் மற்ற மூன்று பேரையும் நம்ப வேண்டும். ஸ்பைடர்லேண்டில் ஒரு கிட்டார் ஒரே ஒரு சுரத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் இன்னொருவர் வந்து சேர்வார் என்று தெரிந்தால்தான் அப்படிக் காத்திருக்க முடியும். வால்ஃபோர்டு வீட்டு அடித்தள அறையில் எத்தனையோ மணி நேரம் வாசித்துத் தேய்த்ததில் வந்தது அது. 'மர்மமான ஆல்பம்', 'இருண்ட ஆல்பம்' என்று எழுதுகிறவர்கள் இந்த உழைப்பைக் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஜூன் 24

நேற்று ஒன்று விட்டுவிட்டேன். பிரெட்கிரம்ப் ட்ரெயில் ஏழு எண்ணிக்கையில் போகும். நாங்கள் இரண்டு வாரம் திணறினோம். எங்கள் டிரம்மர் பக்கத்துக் கோயில் விழாவில் தவில் கேட்டு வளர்ந்தவன், 'தகிட தகதிமி' என்று சொல்லிக்கொண்டே அடித்துக் காட்டினான். மிஸ்ரம். ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. நோஸ்ஃபராட்டு ஐந்தில், 'தக தகிட'. ராக் வாசிக்கிற தம்பிகள் இந்த வழியில் எண்ணிப் பாருங்கள்.

ஜூலை 2

எட்டுக் கால்!

தண்ணீருக்குக் கீழே கால் மிதிக்கிறது என்று எழுதினேனே, நாலு பேருக்கு எட்டுக் கால். ஆல்பத்தின் பெயர் ஸ்பைடர்லேண்ட். எட்டுக்கால் பூச்சி. அவர்கள் இதை நினைத்துப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள், தமிழில் யோசிப்பவனுக்கு மட்டும் கிடைக்கிற சந்தோஷம் இது. ராத்திரி பதினொரு மணிக்குத் தோன்றியது, யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தது.

ஜூலை 14

"அவ்வளவு பழகியவர்கள் ஏன் நிறுத்தினீர்கள்?"

2010 பிப்ரவரி, ஒரு கல்லூரி விழா. கல்லூரி பெயர் வேண்டாம். மேடையில் எங்களை 'மெக்கானிக்கல் மாணவர்கள்' என்று அறிவித்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குத்துப்பாட்டு நடனம், கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் சொந்தமாகச் செய்த ஒரு பாட்டை எடுத்தோம். நாலு நிமிஷம் மெதுவாகப் போகும், பிறகு ஓவர்டிரைவ் பெடலை மிதித்து மேலே ஏறும்.

இரண்டாவது நிமிஷத்தில் சவுண்டு செட்காரர் மேடை ஏறிவிட்டார். மெதுவாகக் கேட்டதால் வயர் லூஸ் என்று நினைத்தார். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் காலடியில் குனிந்து ஜாக்கைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் சொருகினார். கூட்டம் சிரித்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் வேலையை அவர் பார்த்தார். ஆனால் பேஸ் வாசித்தவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். நான் அவனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். சத்தமாக ஏறவேண்டிய இடம் வரவே இல்லை. பாட்டு மூன்றாவது நிமிஷத்தில் நின்றது.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை கொட்டகையில் கூடினோம். மே மாதம் கல்லூரி முடிந்தது. கிட்டார்க்காரன் கல்ஃபுக்குப் போனான். பேஸ்காரன் கொஞ்ச நாள் அப்பாவோடு போட்டில் போனான். சண்டை எதுவும் இல்லை. யாரும் 'நிறுத்திவிடலாம்' என்று சொல்லக்கூட இல்லை.

ஜூலை 14, மறுபடி

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சவுண்டு செட்காரரால் நின்றது போல ஒலிக்கிறது, அது நியாயம் இல்லை. அன்று நான் வாசிப்பை விடாமல், ஜாக் திரும்பச் சொருகியதும் விட்ட இடத்தில் பிடித்திருந்தால் பேஸ்காரன் சேர்ந்திருப்பான். 'வாஷர்' கேட்கும்போதெல்லாம் இது தோன்றுகிறது. அங்கே இசை நூல் அளவுக்கு மெலியும், அறுந்துவிடும் என்று நினைப்போம், ஆனால் யாரோ ஒருவர் எப்போதும் விடாமல் பிடித்திருப்பார்.

ஆகஸ்ட் 4

ட்வீஸ் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அதில் ஒன்பது பாட்டு. எட்டுப் பாட்டுக்கு அவர்களுடைய அப்பா அம்மாக்களின் பெயர். நாலு பேர், எட்டுப் பெற்றோர். ஒன்பதாவது 'ரோடா', அது ஒரு நாயின் பெயர்.

ஸ்பைடர்லேண்டைப் பதிவு செய்த பிறகு இவர்கள் மனநல மருத்துவமனைக்குப் போனார்கள் என்று ஒரு வதந்தி ரொம்ப நாள் ஓடியது. இங்கேயும் ஒருவர் அதை எடுத்து எழுதியிருக்கிறார். தயவுசெய்து பரப்பாதீர்கள். பையன்கள் அடித்தளத்தில் இரைச்சல் போட, மாடியில் பொறுத்துக்கொண்டு இருந்த பெற்றோர், அவர்கள் பெயரையே பாட்டுக்கு வைத்த பிள்ளைகள். அந்த வீடுகளைத்தான் நான் இந்த இசைக்குள் கேட்கிறேன். லான்ஸ் பேங்ஸ் எடுத்து 2014இல் வந்த ஆவணப்படத்தில் வால்ஃபோர்டின் அப்பா அம்மா பேசுவார்கள், பாருங்கள். எனக்கு அம்மச்சி ஞாபகம் வந்தது. எங்கள் பாட்டு அவருக்கு ஒரு துளியும் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனியும் வரும்.

ஆகஸ்ட் 5

கட்டன் சாயா என்றால் பால் சேர்க்காத டீ. மரச்சீனி என்றால் மரவள்ளிக்கிழங்கு. சென்னை நண்பர்களுக்காக.

ஆகஸ்ட் 18

ஸ்பைடர்லேண்டின் முதல் பாட்டு, பிரெட்கிரம்ப் ட்ரெயில், என்ன சொல்கிறது என்று கேட்டவருக்கு. ஒருவன் பொருட்காட்சி மாதிரி ஒரு இடத்துக்குப் போகிறான். குறி சொல்லும் பெண்ணைப் பார்க்கிறான். குறி கேட்காமல் இரண்டு பேரும் ரோலர் கோஸ்டரில் ஏறுகிறார்கள், அவ்வளவுதான் கதை. மண்டைக்காட்டு மாசிக் கொடைக்குப் போய் ராட்டினத்தில் ஏறியவர்களுக்கு இது பாஷை தெரியாமலே புரியும். தொடக்கத்தில் கிட்டார் கம்பியை அமுக்காமல் விரலால் தொட்டு மட்டும் விடுகிறார், மணி மாதிரி சிதறும். அது கீழே நின்று ராட்டினத்து விளக்கை அண்ணாந்து பார்க்கிற நேரம். சட்டென்று டிரம்ஸும் இரைச்சலும் சேரும்போது வயிறு மேலே ஏறுமே, அந்த நேரம்.

'டான், அமான்' வேறு மாதிரி. டிரம்ஸ் கிடையாது. டிரம்மரான வால்ஃபோர்டு குச்சியை வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறார். கூட்டத்துக்கு நடுவில் ஒட்ட முடியாமல் நிற்கிற ஒருவனைப் பற்றியது. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் ஒதுங்கி நின்றவர்கள் கேட்கலாம்.

செப்டம்பர் 22

பிறகு என்ன ஆனார்கள்? பாஜோ 'டார்ட்டாய்ஸ்' போன்ற பல பேண்டுகளில் வாசித்தார். மக்மேஹன் 'த ஃபார் கார்னேஷன்' தொடங்கினார். வால்ஃபோர்டு ஸ்லின்ட்டில் இருந்தபோதே வேறு பெயரில் 'த பிரீடர்ஸ்' பேண்டின் முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்திருந்தார். பிரஷியர் லூயிவில்லில் வீடியோ கேசட் கடை நடத்தினார். நாலு பேரில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அந்தக் கடை. 1995இல் ஒரு திரைப்படத்தில் கேப்டன் பாட்டு வந்தது, அதிலிருந்து ஆள் சேர ஆரம்பித்தது. 2005இல் சேர்ந்து மேடை ஏறினார்கள், அப்புறமும் சில தடவை. புது ஆல்பம் போடவில்லை.

ஆல்பத்தின் பின்னட்டையில் 'பாட விருப்பமுள்ள பெண்கள் எழுதவும்' என்று முகவரியோடு அச்சிட்டிருந்தார்கள். கலைந்துபோன பேண்டு, கடைக்கு வந்த அட்டையில் ஆள் தேடிக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நவம்பர் 30

இன்று கேப்டன் பாட்டைப் பற்றி மட்டும்.

2017இல் இதே நாள் ஒக்கி புயல். இந்த மாவட்டத்தில் அன்று எங்கே இருந்தோம் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்கு ரப்பர், வாழை, கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்தன. கரையில் ஆட்களைக் காணவில்லை. எங்கள் பேஸ்காரன் அப்போது போட்டு வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலில் இருந்தான். அவன் அண்ணன் கடலில். நாள் கணக்கில் தகவல் இல்லை. லட்சத்தீவில் கொஞ்சம் பேர் கரை ஒதுங்கினார்கள், மகாராஷ்டிராவில் கொஞ்சம் போட்டு நிற்கிறது என்று துண்டு துண்டாகச் செய்தி வரும். ஒவ்வொரு ஃபோனுக்கும் தெருவே கூடும். அண்ணன் திரும்பி வந்தார். அதே தெருவில் வராதவர்கள் உண்டு.

ஒரு வருஷம் கழித்து அவன் என் வீட்டுக்கு வந்திருந்தான். நான் யோசிக்காமல் ஆல்பத்தைப் போட்டுவிட்டேன், சரியான வரிசையில். கடைசிப் பாட்டு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஒரு கேப்டன். ஒரு வீட்டுக் கதவு. ஒரு சிறுவன். கேப்டன் உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறான். கடைசியில் அதுவரை பேச்சாக இருந்த குரல் உடைந்து கத்தலாகும். நிறுத்தப் போனேன். அவன் கையைப் பிடித்து வேண்டாம் என்றான். முடியும்வரை கேட்டான்.

அப்புறம் சொன்னான், "அண்ணன் வந்த அன்னைக்கு நம்ம வீட்டுக்கு நேரா வரல மக்கா. கூடப் போன ஆளுங்க வீட்டுக்குத்தான் மொதல்ல போனாரு. வாசல்ல நின்னுட்டே இருந்தாரு, கதவத் தட்ட முடியல."

இந்தப் பாட்டை நான் அதுவரை பேய்க்கதை போலக் கேட்டிருந்தேன். பதிவு செய்தபோது இருபதைச் சுற்றிய வயதுப் பையன்கள் அவர்கள், கடலே இல்லாத மாநிலம். எங்கிருந்து பிடித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த நாலு நாளில் பிடித்ததைப் பதிவு செய்துவிட்டார்கள். அதனால்தான் இருபத்தெட்டு வருஷம் கழித்து நாகர்கோவில்காரன் ஒருவன் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அதைத் தன் அண்ணனுக்கு நடந்ததாகக் கேட்க முடிந்தது. முதலில் கேள்வி கேட்டவருக்கு ஜூன் மாதமே இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எழுத வரவில்லை.

டிசம்பர் 1

திருத்தம். நாகர்கோவில்காரன் என்று எழுதியதற்குப் பேஸ்காரன் கோபித்துக்கொண்டான். தூத்தூர்.

டிசம்பர் 27

எங்களிடம் ஒரு பதிவும் இல்லை என்று நினைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு டிரம்மர் வீட்டுக்குப் போனேன். அம்மச்சி இறந்து மூன்று வருஷம் ஆகிறது, அவர் அலமாரியை இப்போதுதான் ஒதுக்குகிறார்கள். அதில் டிரம்மருடைய பழைய நோக்கியா ஃபோன். பேட்டரி உப்பியிருந்தது, மெமரி கார்டு மட்டும் நன்றாக இருந்தது. கார்டில் கொட்டகையில் எடுத்த ஒரு பதிவு, இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி.

ஒலி மோசம். பேஸ் கிட்டத்தட்ட கேட்கவே இல்லை. ஆனால் ஸ்னேர் 'டப்' என்று அதோடு சாகிறது, ஆகவே ஷீட் நிறையத் தொங்கிய ஒரு நாள். மெதுவான பகுதிதான் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கிட்டாரில் எது நான் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது நிமிஷத்தில் வெளியே இருந்து அம்மச்சி குரல். "லே மக்களே, மழை வருது, வெளிய கெடக்க ஷீட்டெ எடுத்து உள்ளே போடுங்க லே." டிரம்ஸ் நிற்கிறது. குச்சி கீழே விழுகிறது. ஒரு கிட்டாரும் நிற்கிறது. செருப்புச் சத்தம், சிரிப்பு, தகரத்தில் முதல் துளிகள். இன்னொரு கிட்டார் மட்டும் நிற்காமல் அதே நாலு சுரத்தை வாசித்துக்கொண்டே இருக்கிறது. மழை வலுத்து அதை மூடும்வரை.

அது யார் என்று மூன்று பேரிடமும் கேட்டிருக்கிறேன். கல்ஃபில் இருப்பவன் இன்னும் பதில் போடவில்லை.